அப்டேட் முடிந்த மறுநாள் காலை

முந்தின இரவு அப்டேட் போட்டுவிட்டுப் படுத்திருப்பீர்கள். காலையில் மடிக்கணினியைத் திறந்தால் வைஃபை ஐகானையே காணோம். அல்லது இரண்டாவது மானிட்டர் கறுப்பாகக் கிடக்கும். அல்லது விர்ச்சுவல்பாக்ஸ், கெர்னல் டிரைவர் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். இருபது வருடங்களுக்கு மேலாக லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். காலையில் பதற்றமான குரலில் போன் வந்தால் பெரும்பாலும் இந்தச் சங்கதியாகத்தான் இருக்கும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரும் இப்படி மாட்டிக்கொண்டார். நான் போய்ச் சேர்வதற்குள் தேடிக் கிடைத்த கட்டளைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, டிரைவரை மூன்று முறை எடுத்துப் போட்டு, கடைசியில் இயங்குதளத்தையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். வைஃபை வந்துவிட்டது. ஏன் போனது என்று அவருக்கும் தெரியவில்லை, தடயம் எதுவும் மிஞ்சாததால் எனக்கும் தெரியவில்லை. அடுத்த கெர்னல் வந்ததும் மறுபடி போயிற்று. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. செய்தியை முழுதாகப் படியுங்கள்.

டிரைவர்கள் பெரும்பாலும் மாட்யூல் என்ற தனிக் கோப்புகளாக இருந்து, தேவைப்படும்போது கெர்னலில் ஏறும். மாட்யூலை ஏற்றச் சொல்லும் கட்டளை மோட்ப்ரோப். ஏற்ற முடியாவிட்டால் அது ஒரே வரியில் கையை விரித்துவிடும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மருந்து தேடப் போகாதீர்கள். மோட்ப்ரோப் வாசலில் நிற்கும் ஆள்; உள்ளே என்ன நடந்தது என்பது கெர்னலுக்குத்தான் தெரியும். கெர்னல் அதைத் தன் பதிவில் எழுதிவைக்கிறது. ‘சூடோ டிமெசெக்’ அடித்துக் கடைசி முப்பது வரிகளைப் பாருங்கள். வாசலில் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்று மூன்றே சொல்லில் முடிந்த விஷயத்துக்கு, உள்ளே ‘இந்த மாட்யூல் இந்தப் பதிப்புக்குக் கட்டியது, இங்கே ஓடுவதோ அந்தப் பதிப்பு’ என்று இரண்டு எண்களும் அருகருகே போட்டிருக்கும்.

எதையும் அடிப்பதற்கு முன் அந்த வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையும் புதிய வரிகளைச் சேர்க்கும். முதல் வரி மேலே மேலே போய்க் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

2. ஓடும் கெர்னல் எது, வட்டில் இருக்கும் கெர்னல் எது?

மாட்யூல் பிரச்சினை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இரண்டே விஷயம். ‘யூநேம் -ஆர்’ என்ன சொல்கிறது? ‘/லிப்/மாட்யூல்ஸ்’ ஃபோல்டருக்குள் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன? முதலாவது இப்போது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பு. இரண்டாவது இடத்தில், நிறுவப்பட்ட ஒவ்வொரு கெர்னலுக்கும் அதன் பதிப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். முதலாவது பெயர் இரண்டாவது பட்டியலில் இல்லையென்றால், தலைகீழாக நின்றாலும் ஒரு மாட்யூலையும் ஏற்ற முடியாது.

ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அங்கே புதிய கெர்னல் வரும்போது பழையதன் மாட்யூல் ஃபோல்டர் அழிந்துவிடும். ஆனால் கணினியை அணைத்துப் போடும்வரை ஓடுவது பழைய கெர்னல்தான். ஏற்கெனவே ஏறிய மாட்யூல்கள் நினைவகத்தில் இருப்பதால் வேலை எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே தெரியும். ஒரு மாணவி பென்டிரைவைச் செருகினாள், திறக்கவில்லை. வேறு போர்ட்டில் செருகினாள், வேறு பென்டிரைவை வாங்கிவந்து செருகினாள், போர்ட் எரிந்துவிட்டது என்ற முடிவுக்கே வந்துவிட்டாள். திரையில் ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபேட்’ என்று இருந்தது. பென்டிரைவின் விஃபேட் அமைப்பைப் படிக்கும் மாட்யூல் அன்று அதுவரை தேவைப்படவில்லை, அதனால் ஏறியிருக்கவில்லை. தேவைப்பட்டபோது அது இருந்த ஃபோல்டரே இல்லை. காலையில் அப்டேட் போட்டாயா அம்மா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஒரு ரீபூட்டில் முடிந்தது.

டெபியனிலும் உபுண்டுவிலும் புதிய கெர்னல் பெரும்பாலும் பழையதன் பக்கத்திலேயே தனிப் பெயரில் வந்து உட்காரும். பழையது அப்படியே இருக்கும். அதனால் அங்கே தொல்லை ரீபூட்டுக்கு முன்பு வராது, பின்புதான் வரும்.

3. ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் மற்றவை பிடிபடா.

சாதாரண நிரல்களுக்குக் கெர்னல் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. பயனர் பக்கத்து நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். ஆனால் மாட்யூல் அப்படிப்பட்ட விருந்தாளி இல்லை. அது கெர்னலின் உள்ளேயே போய், அதன் உறுப்பாகவே ஓடுவது. உள்ளே இருக்கும் அமைப்புகள் மாறாது என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க மாட்டோம் என்று விளக்கி கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதிய ஆவணமே கெர்னல் மூலநிரலோடு சேர்ந்து வருகிறது. மாற்றும் சுதந்திரம் இருப்பதால்தான் பழைய தவறுகளைச் சுமக்காமல் கெர்னலால் வளர முடிகிறது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது, எத்தனையோ காலைகளை அதனால் இழந்திருந்தும்.

நடைமுறையில் இது எப்படி வந்து மோதும் தெரியுமா? 2020இல் வந்த 5.6 கெர்னலில், ப்ராக் ஃபோல்டரில் கோப்பு திறக்கும் மாட்யூல்கள் கொடுக்க வேண்டிய அமைப்பின் வகையே மாறியது. வெளியிலிருந்து வந்த டிரைவர்கள் பல அன்று கம்பைல் ஆகவில்லை. 2023இல் 6.4 வந்தபோது ‘க்ளாஸ்_க்ரியேட்’ என்ற ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் இரண்டு மதிப்புகளில் ஒன்றை நீக்கினார்கள்; மறுபடி அதே கதை. கெர்னலோடு சேர்ந்தே இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்பவர்களே கூடவே திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் டிரைவரை அதன் உரிமையாளர்தான் திருத்த வேண்டும். அவர் திருத்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

ஒரு கெர்னலின் மாட்யூல் இன்னொன்றில் ஏறிவிடாமல் இருக்க ஒவ்வொரு மாட்யூலின் உடம்பிலும் ஒரு முத்திரை குத்தியிருக்கும். ‘மாட்இன்ஃபோ’ என்று அடித்து மாட்யூலின் பெயரைக் கொடுத்தால் ‘வெர்மேஜிக்’ என்ற வரியில் அதைப் பார்க்கலாம். கெர்னல் பதிப்பு, அது கட்டப்பட்ட விதம் இரண்டும் அதில் இருக்கும். இன்னும் நுணுக்கமாக, மாட்யூல் பயன்படுத்தும் ஒவ்வொரு ஃபங்ஷனின் வடிவத்தையும் சரிபார்க்கும் கெர்னல்களும் உண்டு. பொருந்தாவிட்டால் ‘டிஸக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்’ என்ற வரி வரும். மோட்ப்ரோப்பில் ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது; முத்திரையைப் பார்க்காமல் ஏற்றச் சொல்வது. அதைத் தொடாதீர்கள். வடிவம் மாறிய அமைப்பின் மேல் பழைய மாட்யூல் எழுத ஆரம்பித்தால் கெர்னலின் நினைவகத்தையே கெடுத்துவிடும்.

4. எந்தச் செய்தி எந்தப் பக்கம் கை காட்டுகிறது?

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்றால் கோப்பே அந்த ஃபோல்டரில் இல்லை. ஃபோல்டர் தவறு, அல்லது மாட்யூலைக் கட்டவே இல்லை, அல்லது அது வேறொரு பேக்கேஜில் இருக்கிறது. உபுண்டுவில் பல வைஃபை டிரைவர்கள் ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்ற தனிப் பேக்கேஜில் வரும். கெர்னலைக் கையால் தேர்ந்து நிறுவுபவர்கள் அதை விட்டுவிடுவார்கள். ‘இன்வாலிட் மாட்யூல் ஃபார்மேட்’ அல்லது ‘எக்ஸெக் ஃபார்மேட்’ என்றால் கோப்பு இருக்கிறது, வேறு கெர்னலுக்குக் கட்டியது. ‘அன்னோன் சிம்பல்’ என்றால் இந்த மாட்யூலுக்குத் துணையாக ஏற வேண்டிய இன்னொன்று ஏறவில்லை. மோட்ப்ரோப்புக்குப் பதில் ‘இன்ஸ்மாட்’ பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள், அது துணைகளைத் தேடிப் போகாது. கோப்பைக் கையால் கொண்டுபோய் வைத்திருந்தால் ‘டெப்மாட் -ஏ’ ஒருமுறை ஓட்டுங்கள். ‘நோ சச் டிவைஸ்’ என்றால் மாட்யூல் நல்லபடியாகத்தான் இருக்கிறது, அது தேடிய வன்பொருள் கிடைக்கவில்லை, அல்லது வேறொரு டிரைவர் அதை முன்பே பிடித்துக்கொண்டது.

‘அவுட்-ஆஃப்-ட்ரீ மாட்யூல் டெயின்ட்ஸ் கெர்னல்’ என்று ஒரு வரி வரும். பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அது பிழை இல்லை. வெளி மாட்யூல் ஒன்று ஏறியிருக்கிறது என்று கெர்னல் குறித்துவைக்கிறது, அவ்வளவுதான்.

5. டிகேஎம்எஸ்ஸோடு பழகுங்கள்.

வெளி மாட்யூலை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் தானாகக் கட்டிக்கொடுப்பதற்கு டெல் நிறுவனத்தில் உருவாக்கிய ஏற்பாடு இது. என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், சில பிராட்காம், ரியல்டெக் வைஃபை டிரைவர்கள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடியுங்கள். உங்கள் மாட்யூலின் பெயர், ஓடும் கெர்னலின் பதிப்பு, ‘இன்ஸ்டால்டு’ என்ற சொல், மூன்றும் ஒரே வரியில் இருந்தால் நல்லது. வெறும் ‘ஆடட்’ என்று நின்றால் அது இன்னும் கட்டப்படவில்லை.

கட்டப்படாததற்கு நான் பார்த்தவரை முதல் காரணம், கட்டுவதற்கு வேண்டிய ஹெடர் பேக்கேஜ் இல்லாதது. கெர்னல் வந்துவிடும், அதன் ஹெடர் கூட வராது. உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’, டெபியனில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ என்ற பொதுப் பேக்கேஜை நிறுவுங்கள். குறிப்பிட்ட பதிப்பின் ஹெடரை மட்டும் நிறுவினால் அடுத்த கெர்னலுக்கு மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். ஃபெடோராவில் இதன் பெயர் ‘கெர்னல்-டெவல்’. ஆர்ச்சில் நீண்டகாலக் கெர்னல் வைத்திருந்தால் அதற்குரிய ஹெடர் தனி. மேலே சொன்ன தம்பியின் வைஃபை இரண்டாம் முறை போனபோது தடயம் இருந்தது. அவருக்கும் இதுதான் காரணம்.

ஹெடர் இருந்தும் கட்டவில்லை என்றால் ‘/வார்/லிப்/டிகேஎம்எஸ்’ ஃபோல்டருக்குள் அந்த மாட்யூலின் பெயரில் போய் ‘மேக்.லாக்’ கோப்பைத் திறங்கள். இங்கேதான் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள்: கோப்பின் கடைசிக்குப் போகிறார்கள். கடைசியில் ‘எரர் 2’ என்று மட்டும் இருக்கும், அதில் சாரமில்லை. மேலிருந்து வாருங்கள். ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறதோ அந்த வரிதான் உங்களுக்கு வேண்டியது. பின்னால் வரும் நூறு வரிகளும் அதன் எதிரொலி.

ஒருமுறை உபுண்டு 22.04 கணினி ஒன்றில் 6.5 கெர்னல் வந்ததும் என்விடியா மாட்யூல் கட்ட மறுத்தது. ஹெடர் சரி, டிரைவர் சரி. மேக்.லாக்கின் முதல் எரர் வரி, ‘எஃப்-ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்’ என்ற கம்பைலர் தேர்வை அடையாளம் தெரியவில்லை என்றது. அந்தக் கெர்னலை ஜிசிசி 12 கொண்டு கட்டியிருந்தார்கள். கணினியில் இயல்பாக இருந்தது ஜிசிசி 11. பதினொன்றுக்கு அந்தத் தேர்வே தெரியாது. ஜிசிசி 12ஐ நிறுவியதும் கட்டி முடித்தது. ‘/ப்ராக்/வெர்ஷன்’ கோப்பைப் படித்தால் கெர்னலை எந்தக் கம்பைலர் கட்டியது என்று அதிலேயே இருக்கும். டிரைவரை மட்டும் நூறு முறை மாற்றிப் போட்டிருந்தாலும் அது விடிந்திருக்காது.

புத்தம்புதுக் கெர்னலுக்கு டிரைவரே இன்னும் திருத்தப்படவில்லை என்று லாக்கில் தெரிந்தால் போராடாதீர்கள். பழைய கெர்னலுக்குத் திரும்பிப்போய் இரண்டு வாரம் காத்திருங்கள்.

6. செக்யூர் பூட் இருந்தால் கையெழுத்தும் வேண்டும்.

மாட்யூல் சரியான கெர்னலுக்குச் சரியாகக் கட்டப்பட்டிருக்கும், ஆனாலும் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று திருப்பி அனுப்பிவிடும். ‘மோகுட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ அடித்தால் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று தெரியும். இயங்கினால், உங்கள் கணினியில் கட்டிய மாட்யூலின் கையெழுத்துச் சாவியை ஒருமுறை பதிவுசெய்ய வேண்டும். ‘மோகுட்டில் --இம்போர்ட்’ செய்து ஒரு கடவுச்சொல் கொடுத்து ரீபூட் செய்தால் நீலத் திரை ஒன்று வரும். ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்திலிருந்து கீழே எண்ணும். அந்தப் பத்து விநாடியில் நீங்கள் காப்பி எடுக்க எழுந்து போயிருந்தால் எண்ணி முடித்துவிட்டுச் சாதாரணமாகப் பூட் ஆகிவிடும், திரும்ப முதலிலிருந்து. விசையை அழுத்தினால் ‘என்ரோல் மோக்’ தேர்ந்து, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, பிறகு கடவுச்சொல். ரீபூட் முடியும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று உடனே யாராவது சொல்வார்கள். சொந்தக் கணினி, தெரிந்தே செய்கிறீர்கள் என்றால் அது உங்கள் விருப்பம். அலுவலகக் கணினியில் அந்தப் பாதுகாப்பை யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலைக்குச் சோம்பி அதைக் கழற்றாதீர்கள்.

7. ‘/பூட்’ நிரம்பியிருக்கிறதா என்று ‘டிஎஃப் -எச்’ அடித்துப் பாருங்கள். தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து இடம் தீர்ந்துபோய், புதியது பாதியில் நின்றிருக்கும். கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். பேக்கேஜ் மேலாளரை வைத்தே பழைய கெர்னலை நீக்குங்கள்.

8. நிறுவியது ஒன்று, ஓடுவது ஒன்று.

‘என்விடியா-எஸ்எம்ஐ’ ஓட்டினால் ‘டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று வரும். அப்டேட் வட்டில் இருக்கும் லைப்ரரியை மாற்றிவிட்டது, நினைவகத்தில் பழைய மாட்யூலே இருக்கிறது. ரீபூட் போதும். ஆனால் அது ஒரு சர்வராக இருந்து, அதில் யாருடைய கணக்கீடாவது இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை தொடாதீர்கள். முன்பே தொடங்கிய வேலை பெரும்பாலும் தொடர்ந்து ஓடும். கேட்காமல் ரீபூட் செய்து ஒரு ஆராய்ச்சி மாணவரின் வார வேலையை அழித்த ஆளை எனக்குத் தெரியும். அந்த மாணவரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

9. பழைய கெர்னலை வைத்திருங்கள், அதை வைத்துச் சோதியுங்கள்.

பூட் ஆகும்போது க்ரப் மெனுவை வரவழைத்து ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் வைஃபை வேலை செய்தால் கார்டு நல்லது, அமைப்புகள் நல்லது. பழுது புதிய கெர்னலுக்கும் மாட்யூலுக்கும் இடையில்தான். இந்த ஒரு சோதனை அரை நாளை மிச்சப்படுத்தும். ஆர்ச்சில் ‘லினக்ஸ்-எல்டிஎஸ்’ஸை இரண்டாவதாக நிறுவிவைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை போய்விட்டதால் பேக்கேஜ் இறக்க வழியில்லை என்று சிலர் கலங்குவார்கள். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங்கை இயக்குங்கள். அதற்கான மாட்யூல் கெர்னலோடு வருவது.

10. பழைய கட்டுகளை அவிழ்த்துவிடுங்கள்.

பூட் ஆகும்போது ‘ஃபெயில்டு டு ஸ்டார்ட் லோட் கெர்னல் மாட்யூல்ஸ்’ என்று சிவப்பில் ஒரு வரி வந்தால் ‘/இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி’ ஃபோல்டரைப் பாருங்கள். எப்போதோ எழுதிவைத்த மாட்யூல் பெயர், இப்போது இல்லாத ஒன்று, அங்கே கிடக்கும். பக்கத்தில் ‘மோட்ப்ரோப்.டி’ ஃபோல்டரில் எப்போதோ போட்ட ப்ளாக்லிஸ்ட் வரிகள் இருக்கும். வயர்கார்டு 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. அதற்கு முன் டிகேஎம்எஸ் வழியாக நிறுவியவர்கள் பலர் அதை இன்னும் நீக்கவில்லை. உள்ளேயே நல்ல டிரைவர் வந்துவிட்டால் வெளியிலிருந்து கொண்டுவந்ததை நன்றியோடு அனுப்பிவிடுங்கள். வைஃபை டாங்கிள் வாங்கப் போகும்போதும் இதையே பாருங்கள்: கெர்னலோடு வரும் டிரைவரில் ஓடுமா என்று. நூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

11. ரீபூட் செய்வதற்கு முன் மூன்று விஷயம்.

கெர்னல் மாறிய அப்டேட் என்றால், ரீபூட் பொத்தானைத் தொடுவதற்கு முன் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ புதிய பதிப்புக்கும் ‘இன்ஸ்டால்டு’ என்கிறதா, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம் கோப்பு புதிய பதிப்புக்கும் ‘/பூட்’டில் இருக்கிறதா, அந்த இனிட்ராமுக்குள் வட்டைப் படிக்கும் மாட்யூல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுக்கு டெபியன், உபுண்டுவில் ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளை. கையெட்டும் தூரத்தில் இல்லாத கணினிக்கு இதை இரண்டு முறை பாருங்கள்.

பல வருடங்களுக்கு முன், வேறு ஊரில் இருந்த ஒரு சர்வரை நான் இரவு பத்து மணிக்கு ரீபூட் செய்தேன். அதன் வட்டுக் கட்டுப்பாட்டுக் கார்டுக்கு வெளி மாட்யூல். டிகேஎம்எஸ் அதைக் கட்டத் தவறியிருந்தது, நான் பார்க்கவில்லை. பூட் ஆன கெர்னலுக்கு வட்டே தெரியவில்லை. அங்கிருந்த காவலாளி அண்ணனிடம் போனில் திரையைப் படிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்: அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ், பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. சர்வரை அணைத்துப் போட்டு மெனுவில் பழைய கெர்னலைத் தேரச் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த மெனு வரும் நேரத்தைப் பூஜ்ஜிய விநாடியாக நானே வைத்திருந்தேன். இரவுப் பேருந்து பிடித்து விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி பூட் செய்து, இரண்டாவது வரியைத் தேர்ந்து என்டர் தட்டினேன். நாலு நிமிடத்தில் எழுந்து வந்தது. அன்று முதல் நான் பார்த்துக்கொள்ளும் எந்த சர்வரிலும் அந்த மெனு ஐந்து விநாடி நிற்கும்.